டிரம் எங்களுக்கு, பியூகிள் அவர்களுக்கு

ஆகஸ்டு 15 நெருங்கினால் இன்றைக்கும் என் விரல் சும்மா இருக்காது. பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியைத் தட்டிக்கொண்டே போவேன். மரக்காணத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாவது முதல் பத்தாவது வரை பேண்டில் சைட் டிரம் அடித்தவன் நான். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, சாக்பீஸ் தேய்த்து வெளுக்கவைத்த கேன்வாஸ் ஷூ. லீவு நாளில் நைனாகூட உப்பளத்துக்குப் போய்ப் பாத்தி மிதித்து வெடித்த கால், ஷூவுக்குள்ளே போனால் எரியும். ஆனாலும் கழட்ட மனசு வராது.

டிரம் அடித்தவர்களில் பாதிக்குமேல் காலனிப் பசங்க. பியூகிள் நாலும் ஊர்ப்பசங்க கையில். வாத்தியார் யாரையும் திட்டவில்லை. "உங்களுக்கு இது தானா வரும்டா" என்று சிரித்துக்கொண்டே டிரம்மைத் தோளில் மாட்டிவிட்டார். பாராட்டுன்னுதான் நெனச்சேன். பின்னால் எம்.ஏ. வகுப்பில் புறநானூறு 335ஆம் பாட்டு நடந்தது. துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளை மேலாகச் சொல்லும் பாட்டு. பேராசிரியர் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு வாத்தியாரின் அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வந்தது.

பியூகிளில் சாவியும் இல்லை, துளையும் இல்லை. உதடும் மூச்சும்தான். ஊதுவது அஞ்சே சுரம். ஒருநாள் சாயங்காலத்தில் படித்துவிடலாம். ஆனால் அது வாயில் வைக்கிற சாமான். எச்சில் படும்.

ஒரு வருஷம் கொடியேற்றத்துக்கு ரெண்டு நாள் முன்னால் பியூகிள் ஊதும் பையனுக்குக் காய்ச்சல். என்னை ஊதச் சொன்னார்கள். உப்பள வரப்பில் உட்கார்ந்து இருட்டுகிற வரைக்கும் ஊதினேன். ஆகஸ்டு 15 அன்று தப்பில்லாமல் ஊதினேன். அடுத்த வாரம் அவன் திரும்பி வந்தான். அந்தப் பியூகிளைத் தொடவில்லை; வேறு ஒன்று கேட்டான், கொடுத்தார்கள். நான் ஊதியது பீரோவுக்குள் போனது. என் டிரம்மை அவன் எத்தனையோ தடவை வாங்கி அடித்திருக்கிறான். குச்சியில் எச்சில் இல்லையே.

இந்தப் பங்கீடு எங்க பள்ளிக்கூடத்தில் பிறந்ததல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி 1795இல் ஓர் உத்தரவு போட்டது. தாய் தகப்பன் இருவருமே ஐரோப்பியராக இல்லாதவன் கம்பெனிப் படையில் சிப்பாயாகச் சேர முடியாது. குழல் ஊதலாம், டிரம் அடிக்கலாம், பேண்டில் இருக்கலாம், குதிரைக்கு லாடம் கட்டலாம். வெள்ளைக்காரத் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைக்கே இந்தக் கதி. கொட்டு யார் தோளில் ஏறவேண்டும் என்பதில் கம்பெனிக்காரனுக்கும் நம்ம ஊர்க்காரனுக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் பட்டாளத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மெட்ராஸ் பயனியர், சாப்பர் படைகளில் பறையர்கள் நிறையப் பேர் சேர்ந்தார்கள். படைக்கு முன்னே போய்ப் பாதை போடுகிற, பாலம் கட்டுகிற வேலை. உழைப்பு என்னவோ பழைய உழைப்புதான். ஆனால் காலுக்குப் பூட்ஸ், கைக்குச் சம்பளம், பிள்ளைக்குப் படிப்பு. அம்பேத்கரின் தகப்பனார் ராம்ஜி சக்பாலும் பட்டாளத்து சுபேதார்தான். பிறகு வெள்ளைக்காரன் 'வீர இனம்' என்று ஒரு கதை கட்டி மெட்ராஸ் ஆட்களைக் குறைத்தான். 1933இல் பயனியர் படையையே கலைத்துவிட்டான்.

பட்டாளத்துப் பேண்டைப் பார்த்துத்தான் கல்யாணத்துப் பேண்டு செட்டும் வந்தது. தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி வைத்திருந்த அரண்மனைப் பேண்டைப் பற்றிச் சங்கீத வரலாறு எழுதுகிறவர்கள் எழுதுகிறார்கள். சேரியில் இருந்து கிளம்பிய பேண்டு செட்டுகளைப் பற்றி யாரும் எழுதக் காணோம். எங்க நைனா ஒரு செட்டில் டிரம் அடித்தார். உப்புக் காலம் தை மாசியில் தொடங்கும். கல்யாணம், திருவிழாவும் அந்த மாசங்களில்தான். ராத்திரி முழுக்க ஊர்வலத்தில் அடித்துவிட்டு, விடிவதற்குள் பாத்தியில் இறங்கி உப்பு வாருவார். ஐப்பசி மழைக்கு ரெண்டும் இல்லை.

தாத்தா அடித்தது பறை. எங்க பக்கம் 1993இல் விழுப்புரம் பிரியும்வரை தென்னார்க்காடு ஜில்லா. அந்த ஜில்லாவில் காட்டுமன்னார்கோயில் பக்கம் எல். இளையபெருமாள், பறையடிக்காதே, செத்த மாடு தூக்காதே என்று போராடினார். 1965இல் மத்திய அரசு அமைத்த தீண்டாமை ஒழிப்புக் குழுவுக்குத் தலைவரானவரும் அவர்தான். அந்தக் காலத்துச் சூட்டில்தான் தாத்தா பறையைப் பரணில் போட்டார் என்று நைனா சொல்லுவார். தாத்தா விட்டதை மகன் வேறு தோலில் எடுத்துக்கொண்டாரா? நைனாவிடம் கேட்டேன். "பறைய நெருப்புல காய்ச்சணும். இத திருகுல முறுக்கினா போதும். அதுக்குப் படி நெல்லு. இதுக்கு அட்வான்ஸ்" என்றார். இன்றைக்கு மேடையில் பறை முழங்குகிறது, கற்றுக்கொள்ளப் பிள்ளைகள் வருகிறார்கள். எனக்கும் சந்தோஷம்தான். பரணில் போட்டவர்களை மறந்துவிட்டு அடிக்கும்போது மட்டும் கொஞ்சம் உறுத்தும்.

1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுத்தெருவும் பொதுக்கிணறும் எல்லாச் சாதிக்கும் பொது. தீர்மானம் நிறைவேறியது. எங்க ஆயாவுக்கு அது எட்டவில்லை. ஊர்த்தெரு முனை வந்ததும் செருப்பைக் கழட்டிக் கையில் எடுத்துக்கொள்ளும். யாரும் இப்போ கேக்க மாட்டாங்க என்றாலும் சாகும்வரை விடவில்லை.

பள்ளிக்கூடப் பேண்டு ஊர்த்தெரு வழியாகத்தான் போகும். முதல் வருஷம் நான் டிரம்மோடு போனபோது ஆயா அதே முனையில் நின்றிருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கழட்டச் சொல்லி, உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்தது.

"இவ்ளோதானா?" என்றது.