குவாங் திரி: ஆறு எல்லையான மாகாணம்

மேற்கே லாவோஸ் எல்லையில் திருவோங் சோன் மலைத்தொடர், கிழக்கே கடல். இரண்டுக்கும் நடுவே, வியட்நாமின் ஒடுங்கிய இடுப்பில் அமைந்த மாகாணம் குவாங் திரி. ஆறுகள் மலையிறங்கிச் சிறிது தொலைவே ஓடிக் கடலில் சேர்கின்றன. கோடையில் மலை தாண்டி வரும் லாவோஸ் காற்று பயிரைக் கருக்கும். ஐப்பசி வாக்கில் வெள்ளம் வயலை மூடும். வடக்கையும் தெற்கையும் இணைக்கும் 1ஆம் எண் நெடுஞ்சாலையும், லாவோஸ் செல்லும் 9ஆம் எண் சாலையும் டோங் ஹா நகரில் கூடுகின்றன. இந்த இருப்பிடமே வியட்நாம் போரை இங்கே இழுத்து வந்தது.

1954 ஜூலையில் ஜெனீவா உடன்படிக்கை 17ஆம் அட்சக்கோட்டை ஒட்டி நாட்டைத் தற்காலிகமாகப் பிரித்தபோது, பென் ஹை ஆறு எல்லையாயிற்று. இரு கரையிலும் படைவிலக்கப் பகுதி. மேற்பார்வைக்கு இந்தியா தலைமையில் கனடாவும் போலந்தும் சேர்ந்த ஆணையம். நாட்டை மீண்டும் இணைக்க 1956இல் நடந்திருக்க வேண்டிய தேர்தல் நடக்கவில்லை. அந்த ஆற்றின் குறுக்கே 178 மீட்டர் நீளமுள்ள ஹியன் லுவோங் பாலத்தில் தரப்புக்கு 89 மீட்டர். இரு பாதிக்கும் வெவ்வேறு வண்ணம். பல குடும்பங்களுக்கு அக்கரை உறவு கண்ணுக்குத் தெரிந்தும் எட்டவில்லை.

1965 முதல் வடகரை மீது அமெரிக்கக் குண்டுகள் விழுந்தன. கடலோர மீன்பிடி ஊரான வின் மோக் மண்ணுக்குள் இறங்கியது. அங்குள்ள செம்மண் வெட்டினால் வெட்டுப்படும், இடியாமலும் நிற்கும். மண்வெட்டியும் கூடையும் கொண்டு மூன்று அடுக்குச் சுரங்கம் குடைந்தார்கள்; அடித்தளம் சுமார் 23 மீட்டர் ஆழம். நடைவழியின் பக்கச் சுவரில் குடும்பத்துக்கு ஒரு பொந்து, கால் நீட்டிப் படுக்கத்தான் இடம். கிணறு உண்டு, பிரசவ அறையும் உண்டு. 17 குழந்தைகள் அங்கே பிறந்தன. கடல் பக்கம் திறந்த வாய்கள் காற்றைக் கொடுத்தன. அந்தக் கரையிலிருந்தே கோன் கோ தீவுக்கு இரவில் படகுகளில் பொருள் போனது. இந்தப் போரின் வரலாற்றைத் தளபதிகளின் பெயர்களைவிட இந்தப் பொந்துகள் தெளிவாகச் சொல்கின்றன.

1968இல் மேற்கு மலையிலிருந்த கே சான் அமெரிக்கத் தளம் 77 நாள் முற்றுகையில் கிடந்தது. 1972 மே 1 அன்று மாகாணத் தலைநகர் வடபடையிடம் வீழ்ந்தது. அதை மீட்கும் போரில் பழைய அரசர் காலக் கோட்டைக்காக மட்டும் 81 நாள் சண்டை. செப்டம்பரில் தென்படை அதைக் கைப்பற்றியபோது நகரம் இடிபாடாகக் கிடந்தது. வடபடையினர் பலர் தாச் ஹான் ஆற்றைக் கடக்கையிலேயே மாண்டனர். அவர்கள் நினைவாக இன்றும் அந்த ஆற்றில் விளக்கும் பூவும் மிதக்கவிடுகிறார்கள்.

1975இல் போர் முடிந்தும், மண்ணில் புதைந்த கொத்துக்குண்டுகள் உழவர்களையும் பழைய இரும்பு பொறுக்கியவர்களையும் சிறுவர்களையும் பலிவாங்கின. வயல் வயலாக அவற்றைத் தேடி அகற்றும் வேலை இன்னும் நடக்கிறது.