மலைவழிச் சரித்திரம் – 9: வெள்ளகெவிப் பாதை

ஒரு மலைநகரத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், அங்கே முதலில் வீடு கட்டியவர் யார், ஏரி அமைத்தவர் யார், பள்ளிக்கூடமும் தேவாலயமும் நிறுவியவர் யார் என்று வினவி, ஆண்டும் பெயருமாக விடை கூறி முடித்துவிடுவது வழக்கம். அவர்கள் அனைவரும் எந்த வழியாக ஏறி வந்தார்கள், அந்த வழியை அவர்களுக்கு முன்பே காலால் மிதித்துப் பண்படுத்தி வைத்திருந்தவர்கள் யார் என்ற வினா மட்டும் அநேகமாக எழுவதே இல்லை. கொடைக்கானலைப் பொறுத்தவரை அவ்வினாவுக்கு விடை தேட வேண்டுமானால், ஏரிக்கரையை விட்டு இறங்கி, பெரியகுளத்துச் சமவெளியை நோக்கிச் சரியும் தென்முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிற்றூருக்குப் போக வேண்டும். அதன் பெயர் வெள்ளகெவி.

சென்ற வாரம், பழநியின் பழம்பெயரான பொதினியையும், குளிரால் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குப் போர்வை ஈந்த வையாவிக் கோப்பெரும் பேகனையும் குறித்துப் பேசினோம். பேகன் ஆண்ட நாட்டின் மேல் கவிந்து நிற்கும் இம்மலைத்தொடர், மேற்குத் தொடர்ச்சி மலையினின்று பிரிந்து கிழக்கு நோக்கி நீண்டு, சுமார் 2,068 சதுர கிலோமீட்டர் பரப்பை அடக்கியது. வராககிரி என்பது இதன் மற்றொரு பழம்பெயர். பெரியகுளத்தின் வழியாக ஓடும் வராக நதியின் பெயர் அதை இன்றும் நினைவூட்டுகிறது. மேற்கே வந்தரவு என்னும் சிகரம் 2,533 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. தெற்கிலோ, கடல்மட்டத்துக்கு மேல் ஆயிரம் அடிக்குச் சற்றே குறைந்த உயரமுள்ள சமவெளியிலிருந்து ஏழாயிரம் அடி உயரத்துக்கு மலை ஒரே மூச்சில் எழும்பிவிடுகிறது. அந்தச் செங்குத்தான சரிவின் நடுவே, அருவிகளுக்கும் பாறைகளுக்கும் இடையில் கிடைத்த சிறு இடைவெளியில் குடியிருப்பு அமைத்தவர்கள் குன்னுவர்கள்.

குன்னுவர்கள் சில நூற்றாண்டுகளுக்கு முன் கொங்கு நாட்டுச் சமவெளியிலிருந்து மலையேறிக் குடிபுகுந்தவர்கள் என்பது மரபு. அவர்களுக்கும் முன்னரே, தேனும் கிழங்கும் தேடிக் காடெல்லாம் சஞ்சரித்த பளியர்கள் இம்மலையின் பூர்வ குடிகள். அவர்களுக்கும் வெகுகாலம் முன்பு வாழ்ந்தவர்கள் எழுப்பிய கற்பதுக்கைகள் தாண்டிக்குடியிலும் பேத்துப்பாறையிலும் இன்றும் நிற்கின்றன. ஆகவே, ஆளரவமற்ற வனாந்தரத்தை ஆங்கிலேயர் கண்டுபிடித்தார்கள் என்று கூறுவது சரித்திரத்துக்குப் பொருந்தாது. உப்புக்கும் துணிக்கும் கீழே இறங்கவும், விளைந்ததைச் சந்தையில் விற்றுவிட்டு மேலே திரும்பவும், கொள்வினை கொடுப்பினைக்காக ஊர்விட்டு ஊர் செல்லவும், தெய்வத்துக்குப் படையல் கொண்டுபோகவும் மலைமக்கள் நடந்து நடந்து அமைத்த ஒற்றையடிப் பாதைகள் அம்மலையெங்கும் பின்னிக் கிடந்தன.

அப்பாதைகளுள் ஒன்றன் வழியாகத்தான் 1821-ஆம் ஆண்டில் லெப்டினென்ட் பி. எஸ். வார்டு என்னும் நில அளவை அதிகாரி மலையேறினார். கானர் என்னும் சக அதிகாரியோடு திருவிதாங்கூர், கொச்சி ராஜ்யங்களை அளந்து முடித்து, அக்காலத்தில் நில அளவையில் பெரும் பெயர் பெற்றிருந்தவர் அவர். மேற்பரப்பை அளக்க வந்த அவர் தமக்குத் தலைமையிடமாகத் தேர்ந்தது குன்னுவர்களின் வெள்ளகெவியையே. அங்கிருந்து மேலேறிச் சென்றுதான் இன்று கொடைக்கானல் இருக்கும் உச்சிப் பிரதேசத்தை அவர் கண்டார். நல்ல சீதோஷ்ணமும், ஒழுங்காக அமைந்த கிராமங்களும், அவற்றில் நாலாயிரம் ஜனங்களும் உள்ள மலை என்று அறிக்கை எழுதினார். கொடைக்கானலின் முதல் வாசல் வெள்ளகெவிதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டுவதில்லை.

வார்டு வந்துபோன பின்னும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் மலை தன் போக்கில் இருந்தது. 1834-இல் மதுரையின் உதவி கலெக்டர் ராட்டனும், வருவாய் வாரிய உறுப்பினர் காட்டனும் பெரியகுளத்திலிருந்து ஏறி, அடுக்கம் கணவாயின் தலைப்பில், செண்பகனூருக்கு அருகே ஒரு சிறு பங்களா கட்டினார்கள். 1836-இல் தாவர சாஸ்திரி ராபர்ட் வைட் வந்து செடிகொடிகளைச் சேகரித்து, மறு ஆண்டு அவற்றைப் பற்றி எழுதினார். ஆயினும் நிலையான குடியேற்றத்துக்குக் காரணமானது விஞ்ஞானமுமன்று, உல்லாசமுமன்று; நோய்தான். 1834-இல் மதுரையில் வேலை தொடங்கிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்களும் அவர்கள் குழந்தைகளும் வெப்பத்தாலும் வாந்திபேதியாலும் ஒருவர் பின் ஒருவராக மாண்டுகொண்டிருந்தார்கள். முதலில் சிறுமலையில் அடைக்கலம் தேடிப் பார்த்தார்கள். அங்கே காய்ச்சல் அவர்களைத் தொடர்ந்தது. அதன்பின்பே, காய்ச்சல் எட்டாத உயரத்தை நாடிப் பழநி மலையில் ஏறி, 1845-இல் இரண்டு வீடுகளை எழுப்பினார்கள்.

வீடுகள் எழுந்தபின் ஆட்களும் சாமான்களும் ஏறியாக வேண்டும். அதற்காக, அடிவாரத்தில் உள்ள கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூர் வழியாகச் சுமார் பதினொன்றரை மைல் நீளத்துக்குக் குதிரைப் பாதை ஒன்று 1854-இல் செப்பனிடப்பட்டது. பின்னாளில் மதுரைக் கலெக்டர் வீர் ஹென்றி லெவிஞ்ச் அதை மேலும் திருத்தினார். 1863-இல் ஏரியை உண்டாக்கியவரும் அவரே. அப்பாதைக்குக் கூலி காட் என்று பெயர் வழங்கியது. அதில் சென்றவர்கள் துரைமார்களாயினும், அதைப் பாதையாக்கியது கூலியாட்களின் தோள்தான் என்பதை அப்பெயரே ஒப்புக்கொள்கிறது.

அக்காலத்துப் பிரயாணத்தை நாம் சிறிது கற்பனை செய்து பார்க்க வேண்டும். 1875-இல் ரயில் பாதை தெற்கே நீண்டபோது, அம்மையநாயக்கனூரில் கொடைக்கானல் ரோடு என்னும் நிலையம் அமைந்தது. அங்கே இறங்கியவர்கள் மாட்டு வண்டியேறி, வத்தலக்குண்டு வழியாக இரவெல்லாம் பயணம் செய்து தோப்பை அடைவார்கள். அடிவாரத்துக் காய்ச்சலுக்குக் கொசு காரணம் என்பதை 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் நிரூபிக்கும் வரை யாரும் திட்டமாக அறியார். தாழ்நிலத்துக் கெட்ட காற்றே அதைத் தருவதாக நம்பினார்கள். ஆதலால் தோப்பில் தங்குவதற்கு அஞ்சி, விடிந்ததும் விடியாததுமாக மலையேறத் தொடங்குவார்கள். திடகாத்திரமானவர்கள் நடந்தார்கள், சிலர் குதிரையேறினார்கள், பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் மூங்கில் கழியில் பொருத்திய நாற்காலிகளில் அமர்த்தி ஆட்கள் தோள்மாற்றித் தோள்மாற்றிச் சுமந்தார்கள். முட்புதர்க் காட்டில் தொடங்கி, இலையுதிர் காட்டைக் கடந்து, காப்பித் தோட்டங்களின் ஓரமாக ஏறி, கடைசியில் பனி சொட்டும் சோலைக்காட்டுக்குள் நுழைவது வரை, ஒரே நாளில் வேறு வேறு தேசங்களைக் கடந்தது போன்ற மாறுதலை உட்கார்ந்திருப்பவர் கண்ணால் கண்டார். சுமப்பவரோ அதை மூச்சிலும் முழங்காலிலும் உணர்ந்தார்.

இப்படிச் சுமந்து ஏற்றப்பட்டவை பெட்டியும் படுக்கையும் மாத்திரமல்ல. கொடைக்கானலின் சூரிய ஆராய்ச்சி நிலையம் 1899-இல் ஸ்தாபிக்கப்பட்டது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் அங்கிருந்துதான் 1909-இல் கண்டறிந்து, உலக விஞ்ஞானத்தில் தம் பெயரை நிலைநாட்டினார். அவ்விரு ஆண்டுகளிலும் வண்டிச் சாலை உச்சியை எட்டவில்லை. ஆகவே அந்த நுண்ணிய கண்ணாடிகளும் கருவிகளும் மேலே சென்றது மனிதத் தோள்களின் மீதும் விலங்குகளின் முதுகின் மீதுமே. அப்பாதையில் இறங்கிய பாரங்களுள்ளும் தமிழர் மறக்கலாகாதது ஒன்றுண்டு. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட கால்டுவெல் ஐயர் தம் அந்திம நாட்களைக் கொடைக்கானலில் கழித்து, 1891 ஆகஸ்ட் 28 அன்று காலமானார். அவருடைய பூதவுடலை மலையிலிருந்து இறக்கி, நெடுந்தொலைவு கொண்டுசென்று, அவர் வாழ்ந்து பணிபுரிந்த இடையன்குடியில் அடக்கம் செய்தார்கள். அவருடைய பெயரைச் சரித்திரம் காத்தது. அவரைச் சுமந்தவர்களின் பெயரை எழுதிவைக்க ஒருவரும் இல்லை.

1914-இல், பொறியாளர் லா என்பவரின் பெயரால் வழங்கும் மலைச்சாலை திறக்கப்பட்டது. அறுபது ஆண்டுகள் மலைநகரத்தைத் தோளில் தாங்கிய கூலி காட், அதன்பின் சில ஆண்டுகளுக்குள் ஆள் நடமாட்டம் குன்றிப் புதர் மண்டியது. இது அப்பாதைக்கு மாத்திரம் நேர்ந்த கதியன்று. மேற்கே, டாப் ஸ்டேஷனிலிருந்து போடிநாயக்கனூர்ப் பக்கத்துக் கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்குக் கம்பிவடம் கட்டினார்கள். மூணாற்றுத் தோட்டங்களிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலையைக் கொண்டுவர 1902-இல் ஒற்றைத் தண்டவாளமும், 1908-இல் சிறு ரயிலும் ஏற்படுத்தினார்கள். 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த ரயிலை அழித்த பிறகு அது மீண்டும் ஓடவில்லை. பின்னர், இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஜப்பானியரின் குண்டுகள் 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் விழுந்தபோது, கிழக்குக் கரையைக் கைவிட நேர்ந்தால் மேற்குக் கரைக்குச் செல்வதற்கென்று, பேரிஜம் வழியாக வந்தரவை ஒட்டி டாப் ஸ்டேஷனுக்கு ஒரு சாலை அமைத்தார்கள் என்று கூறுவர். எஸ்கேப் ரோடு என்று மக்கள் அழைக்கும் அச்சாலை எண்ணாயிரம் அடிக்கு மேல் ஏறிச் சென்றது. 1990-ஐ ஒட்டி அதன் போக்குவரத்து நிறுத்தப்பட்டுவிட, இப்போது அது வனத்துக்குள் மறைந்துகொண்டிருக்கிறது.

இவற்றையெல்லாம் ஒருசேர வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். ராஜாங்கமும் கம்பெனிகளும் பெரும்பொருள் செலவிட்டு அமைத்த வழிகள், கோடை வாசத்துக்கு ஒன்று, தேயிலைக்கு ஒன்று, யுத்தத்துக்கு ஒன்று என்று தனித்தனிக் காரியத்துக்காகப் பிறந்தவை. அந்தக் காரியம் தீர்ந்ததும், அல்லது அதற்கு வேறு சாதனம் கிடைத்ததும், அவையும் தீர்ந்துபோயின. வார்டு வருவதற்கு முன்பே இருந்த வெள்ளகெவிப் பாதையோ, ஒரு கல்வெட்டும் ஒரு திறப்பு விழாவும் இல்லாமலே, இன்றும் வழியாகவே இருக்கிறது. வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்குப் பாறையைத் தாண்டி இறங்கி, வெள்ளகெவியைத் தொட்டு, கும்பக்கரை அருவிப் பக்கமாகப் பெரியகுளத்தைச் சேரும் அப்பாதையில், காப்பிக்கொட்டையும் ஆரஞ்சும் அவரவர் தலையிலும் குதிரை முதுகிலும் ஏறி வருகின்றன. அரிசியும் மண்ணெண்ணெயும் மருந்தும் அவ்வாறே ஊருக்குத் திரும்புகின்றன. வழியை உயிரோடு வைத்திருப்பது அதை அமைத்தவருடைய வல்லமையன்று, நாள்தோறும் அதில் நடப்பவருடைய தேவைதான்.

ஆனால் இவ்வுண்மையைக் கூறி மகிழ்ந்து நின்றுவிடுவது தர்மமாகாது. அந்தப் பாதை பிழைத்திருப்பதற்குக் காரணம், அவ்வூருக்கு வேறு வழி இல்லாமையே. பேறுகால வேதனையில் துடிக்கும் பெண்ணையும், பாம்பு தீண்டியவனையும், மூச்சுத் திணறும் முதியவரையும் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு அவ்வூரார் செங்குத்தான மலையில் ஏறவோ இறங்கவோ வேண்டியிருக்கிறது. துரைமார்களைச் சுமக்கும் வழக்கம் 1914-ஓடு ஒழிந்தது. தம்மவரைச் சுமக்கும் கட்டாயம் அவர்களுக்கு ஒழியவில்லை. தமக்குச் சாலை வேண்டுமென்று அவர்கள் பல ஆண்டுகளாகக் கோரி வருகிறார்கள். பழமை அழிந்துவிடுமே என்று அக்கோரிக்கைக்கு எதிராக வருந்துவதற்கு, விடுமுறை நாளில் வந்து நடந்துவிட்டுப் போகிற நமக்கு எவ்வித உரிமையும் இல்லை. வனத்துக்கு ஊறு நேராத வகையில் அவர்களுக்கு வழி உண்டாக வேண்டும். உண்டாகும் வரையில், மருத்துவ உதவியாவது ஊரைத் தேடி வர வேண்டும்.

மலைநடையை விரும்பும் இளைஞர்களின் எண்ணிக்கை இக்காலத்தில் பெருகி வருவதும் நல்லதே. அவர்கள் அறிய வேண்டியவை சில உண்டு. 2013-இல் இம்மலையில் 600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டு வழிகளில் செல்வது குற்றம் என்பதோடு ஆபத்தும் ஆகும். 2018 மார்ச் 11 அன்று போடி மலையின் குரங்கணியில், காய்ந்த புல்வெளியில் பரவிய தீயில் மலைநடைக்குச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர்நீத்த துயரத்தைத் தமிழகம் மறக்கவில்லை. அன்றும் தீக்காயமுற்றவர்களைக் கீழே கொண்டுவரத் தோள் கொடுத்தவர்களுள் சுற்றூர் மக்கள் இருந்தார்கள். கோடையில் காட்டின் தன்மை எப்படி மாறும், எந்தச் சரிவில் தீ விரைந்தேறும், எங்கே நீர் நிற்கும் என்ற ஞானம் அம்மக்களிடம் இருக்கிறது. அவர்களை வழிகாட்டிகளாகக் கொண்டு, அவர்களுக்கு உரிய ஊதியமும் மதிப்பும் கொடுத்து நடப்பவனே மலையை அறிவான்.

வெள்ளகெவியின் எல்லைக்குள் காலில் செருப்போடு எவரும் நடப்பதில்லை. ஊரே தெய்வங்களின் இருப்பிடம் என்பது அவர்கள் நம்பிக்கை. வீடுகளும் கோயில்களும் ஒன்றோடொன்று தோள் உரச நிற்கும் அத்தெருக்களில் வெறுங்காலோடு நடக்கும் வெளியூரார், தாங்கள் ஒரு காட்சி ஸ்தலத்துக்கு வரவில்லை, பிறருடைய இல்லத்துக்குள் வந்திருக்கிறோம் என்பதை உணர்வார்களாக. அந்த உணர்வோடு, பாதையின் ஒவ்வொரு திருப்பத்துக்கும், தங்கிச் செல்லும் பாறைக்கும், நீரூற்றுக்கும் அம்மக்கள் வழங்கிவரும் பெயர்களை, முதியவர்கள் இருக்கும்போதே யாரேனும் கேட்டு எழுதிவைத்தால், அது கொடைக்கானலின் சரித்திரத்துக்கு இதுவரை எழுதப்படாத முதல் அத்தியாயமாக அமையும்.

மலையின் மறுபுறத்தில், பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி ஆகிய ஊர்களைக் கடந்து கிளாவரையில் முடியும் சாலையிலிருந்து, கேரள எல்லைக்குட்பட்ட கோவிலூருக்கும் வட்டவடைக்கும் நடந்து செல்லும் வழி ஒன்று உண்டு. ராஜ்ய எல்லைகள் பிறப்பதற்கு முன்பே அஞ்சுநாட்டையும் பழநி மலையையும் உறவால் பிணைத்த அவ்வழியை அடுத்த வாரம் காண்போம்.

(தொடரும்)