இதயக் கதவும் இரு கல்வியும்

பொறியியலையும் மருத்துவ விஞ்ஞானத்தையும் ஒருங்கே கற்பிக்கும் பட்டப் படிப்பைப் பற்றி இந்நாளில் மாணவர் பலர் கேட்டறிய விரும்புகின்றனர். பொறியியல் உலோகத்தையும் விசையையும் ஆராய்வது. மருத்துவம் குருதியையும் நரம்பையும் ஆராய்வது. இவ்விரண்டையும் ஒருவரே கற்பது எதற்காக? இரண்டில் ஒன்றையும் முழுமையாக அறியாத நிலைக்கு அன்றோ இது கொண்டுபோய் விடும்? இந்த ஐயம் நியாயமானதே. இதற்கு விடை காண ஒரு சிறு கதவின் வரலாற்றைச் சற்றே பார்ப்போம். அந்தக் கதவு நம் ஒவ்வொருவர் நெஞ்சினுள்ளும் இருக்கிறது.

இதயம் குருதியை இறைக்கும் ஒரு கருவி. அதில் வால்வுகள் நான்கு உண்டு. குருதி ஒரு திசையில் மட்டும் செல்லுமாறு காப்பவை அவை. கிணற்றடிக் கைப்பம்பின் தோல் வாசர் தேய்ந்து போனால் எவ்வளவு அடித்தாலும் நீர் சரியாக ஏறுவதில்லை அல்லவா? வால்வு பழுதுற்ற இதயத்தின் நிலையும் ஏறத்தாழ அதுவே. நிமிடத்துக்கு 72 முறை என்று கொண்டால், இதயம் நாளொன்றுக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் துடிக்கிறது. ஓர் ஆண்டில் 3 கோடியே 70 லட்சம் தடவைக்கு மேல் துடிக்கிறது. அத்தனை தடவையும் அக்கதவுகள் திறந்து மூட வேண்டும்.

இக்கதவுகளைப் பழுதாக்கும் நோய்களுள் ஒன்று ருமாட்டிக் காய்ச்சல். இளமையில் தொண்டையில் தோன்றும் ஒருவகைக் கிருமித் தொற்று அதற்குக் காரணம். கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் காப்பாற்றலே இதய வால்வுகளையும் தாக்கிச் சிதைத்து விடுகிறது. நெருக்கமான குடியிருப்பும் வறுமையும் உள்ள இடங்களில் இந்நோய் மிகுதி. ஆகவே மாற்று வால்வு வேண்டி நிற்போருள் ஏழை இளைஞரே பலர். இதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

முற்காலத்தில் இரு துறைகளும் ஒரே உள்ளத்தில் தங்கியதுண்டு. ஜெர்மன் நாட்டு ஹெல்ம்ஹோல்ட்ஸ் மருத்துவம் கற்று, இராணுவத்தில் மருத்துவராகப் பணியாற்றியவர். உயிருள்ள கண்ணின் உட்புறத்தைக் காண உதவும் கருவியை 1851ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். அவரே 1871ஆம் ஆண்டில் பெர்லின் பல்கலைக் கழகத்தில் பௌதிகப் பேராசிரியரானார். ஆனால் ஒவ்வொரு துறையும் கடல் போலப் பெருகிய பின்னர், ஒருவர் இரண்டையும் முற்றக் கற்பது அரிதாயிற்று. மருத்துவர் ஒரு கரையிலும் பொறியாளர் மறு கரையிலும் நின்றனர்.

அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் 1958ஆம் ஆண்டில் இரு கரையினரும் சந்தித்தனர். லோவல் எட்வர்ட்ஸ் என்பவர் முதிய பொறியாளர். நீர்மங்களின் ஓட்டத்தையும் இறைப்பான்களையும் நன்கு அறிந்தவர். செயற்கை இதயம் ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற எண்ணத்துடன் அவர் ஆல்பர்ட் ஸ்டார் என்ற இளம் அறுவை மருத்துவரை அணுகினார். முழு இதயம் பிறகு ஆகட்டும், முதலில் ஒரு வால்வைச் செய்து பார்ப்போம் என்பது ஸ்டார் கூறிய யோசனை.

இயற்கை வால்வைப் போலவே இதழ்கள் உடையதாக முதலில் செய்தனர். சோதனை விலங்குகளில் அதன் மேல் குருதி உறைந்து வழியை அடைத்தது. பின்னர் இயற்கையின் வடிவத்தையே கைவிட்டு, ஒரு கூண்டுக்குள் உருண்டை ஏறி இறங்கும் வால்வைச் செய்தனர். 1960ஆம் ஆண்டில் அது மனிதர்க்குப் பொருத்தப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் அதைப் பெற்ற 52 வயதினர் ஒருவர் பத்தாண்டு வாழ்ந்தார். அவர் இறந்ததும் இதய நோயால் அன்று, ஏணியிலிருந்து விழுந்ததால். குருதி உறையும் என்பதைப் பொறியாளர் தம் நூல்களில் கற்றிருக்க மாட்டார். உருண்டையை எவ்வாறு கூண்டில் அமைப்பது என்பதை மருத்துவர் தம் நூல்களில் கற்றிருக்க மாட்டார். இருவரும் ஒருவர்க்கொருவர் ஆசிரியரானதால் அது கைகூடிற்று.

இத்தகைய சந்திப்பைத் தற்செயலுக்கு விட்டுவிடலாகாது என்று பல்கலைக் கழகங்கள் உணர்ந்த காலமும் அதுவே. 1960களின் தொடக்கத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், பென்சில்வேனியா, ராச்செஸ்டர் ஆகிய அமெரிக்கப் பல்கலைக் கழகங்களில் உயிர்மருத்துவப் பொறியியல் ஆராய்ச்சிக் கல்வி வேரூன்றியது. நாளடைவில் அது இளநிலைப் பட்டப் படிப்பாகவும் பல நாடுகளில் பரவிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அயல்நாட்டு வால்வின் விலை இந்திய ஏழைக்கு எட்டாததாக இருந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தின் தலைவராயிருந்த அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தான், இந்தியாவிலேயே வால்வு செய்வதென்று துணிந்தார். அந்நிலையத்தின் தனிச் சிறப்பு, மருத்துவமனையும் பொறியியல் ஆய்வகமும் ஒரே நிறுவனத்தின் கீழ் இயங்கியதாகும். சட்டத்தினுள் ஒரு தட்டு சாய்ந்து திறந்து மூடும் வகையில் வால்வை வகுத்தனர்.

முதல் மாதிரி தோற்றது. டைட்டேனியச் சட்டத்தின் பற்றவைத்த இடம் வலுவிழந்து முறிந்தது. இரண்டாவதும் தோற்றது. செயற்கை நீலமணிப் படிகத்தாலான கடினமான தட்டு, டைட்டேனியத்தை அளவுக்கு மீறித் தேய்த்தது. மூன்றாவதில் சட்டத்தின் உலோகத்தை மாற்றினர். அது செம்மறியாட்டின் உடலில் பொருத்தப்பட்டது. அங்கே படிகத் தட்டே உடைந்தது. இதயத்தினுள் தட்டு உடைந்தால் அதன் பொருள் சாவு. ஆட்டுக்கு நேர்ந்தது மனிதனுக்கு நேர்ந்திருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். சோதனையின் கடுமை எதற்காக என்பது அப்போது விளங்கும்.

நான்காவது மாதிரியில் கடினப் படிகத்தை விட்டு, உறுதி மிகுந்த பாலிஎதிலீன் பிளாஸ்டிக் தட்டை அமைத்தனர். சட்டம் கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகம். மெதுவான பொருள், கடினமான பொருளை விஞ்சி நிலைத்தது! 1990ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் அவ்வால்வு முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரித்து விற்பனைக்குக் கொணர்ந்தது. அதுமுதல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பயன்பட்டுள்ளன. வலியத்தான் 2024ஆம் ஆண்டில் மறைந்தார். அவ்வால்வின் துடிப்போ பல்லாயிரவர் நெஞ்சில் ஒலிக்கிறது.

இம்மூன்று தோல்விகளையும் மீண்டும் நோக்குங்கள். பற்றவைப்பு முறிவது உலோக நூலுக்குரிய வினா. ஆனால் அம்முறிவைப் பொறுக்கலாமா, எத்தனை கோடித் துடிப்பை அது தாங்க வேண்டும் என்பது மருத்துவம் எழுப்பும் வினா. ஒரு வினா ஒரு கரையில் பிறந்து, விடை மறு கரையில் கிடைக்கிறது. இடையே உள்ள தொலைவைக் கடக்க ஆண்டுகள் கழிகின்றன. அந்த ஆண்டுகளில் மாற்று வால்வு கிட்டாமல் காத்திருந்தோர் எத்தனையோ பேர். இத்தொலைவைக் குறைப்பதே கூட்டுக் கல்வியின் நோக்கம்.

2023ஆம் ஆண்டில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இதற்கெனத் தனித்துறை ஒன்றைத் தொடங்கி, மருத்துவ விஞ்ஞானமும் பொறியியலும் இணைந்த நான்காண்டு இளநிலைப் பட்டப் படிப்பை ஏற்படுத்தியது. மாணவர்கள் ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும். இத்தகைய படிப்பு நோயாளிக்கு மருந்து எழுதும் உரிமையைத் தருவதன்று; அதற்கு மருத்துவப் பட்டமே வேண்டும். பொறியியலின் ஏதேனும் ஒரு கிளையில் ஆழ்ந்து இறங்காதவர்க்கு இதனால் பயன் குறைவு.

ஆகவே தொடக்கத்தில் எழுந்த ஐயத்துக்கு இதுவே விடை. இரு துறைகளிலும் எல்லாம் அறிந்தவரை இக்கல்வி உண்டாக்குவதில்லை. ஒரு துறையில் ஊன்றி நின்று, மற்றத் துறையார் கேட்கும் வினாவைப் பிழையின்றி உணரவல்லவரையே உண்டாக்குகிறது. அவ்வாறு உணர விரும்பும் மாணவர், கணிதத்தையும் உடலியலையும் ஒரே அக்கறையோடு இன்றே கற்கத் தொடங்கட்டும். தாம் செய்யப் போகும் கருவி யாருடைய நெஞ்சுக்குள் இயங்கப் போகிறது என்பதையும் மறவாதிருக்கட்டும்.