சாட்டையும் சர்க்கரைக் கட்டியும்

அடம்பிடித்து நிற்கும் குதிரையை நகர்த்துவதற்கு, 1550-இல் நேப்பிள்ஸில் வெளிவந்த ஒரு புத்தகம் வைத்தியம் சொல்கிறது. நல்ல முரட்டுப் பூனை ஒன்றைப் பிடித்து, நீண்ட கழியின் நுனியில் மல்லாக்கக் கட்ட வேண்டும். பல்லும் நகமும் மட்டும் கட்டுப்படாமல் இருக்க வேண்டும். ஆள் ஒருவன் பின்னால் நின்று, அந்தக் கழியைக் குதிரையின் கால்களுக்கு நடுவே நீட்ட வேண்டும். வாலடியில் முள்ளெலியைக் கட்டுவது, பின்புறம் வைக்கோலைக் கொளுத்துவது என்று பட்டியல் இன்னும் நீள்கிறது.

எழுதியவர் ஃபெடெரிகோ கிரிசோனே. கிறுக்கர் என்று ஒதுக்கிவிட முடியாது. ஐரோப்பியப் பிரபுக்கள் தங்கள் பிள்ளைகளைக் குதிரையேற்றம் பழக நேப்பிள்ஸுக்கு அனுப்பிய காலம் அது. அவருடைய புத்தகம் பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் என்று மொழி மொழியாகப் போனது. சொன்னபடி கேட்கும் குதிரையைத் தட்டிக்கொடுக்க வேண்டும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தப் பக்கங்களை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. பூனைதான் நிலைத்துவிட்டது.

இத்தனைக்கும் கிறிஸ்து பிறப்பதற்கு நான்கு நூற்றாண்டு முன்பே, சாக்ரடீஸிடம் பழகிய செனபோன் என்ற கிரேக்கத் தளபதி, குதிரையிடம் கோபத்தோடு போகாதே என்று எழுதி வைத்துவிட்டார். ஆடுகிறவரைச் சாட்டையால் அடித்து ஆட வைத்தால் ஆட்டத்தில் அழகு எங்கிருந்து வரும் என்பது அவர் கேள்வி. புத்தகம் இருந்தது, பொறுமைதான் இல்லை. குதிரையேற்றப் பள்ளிகளின் வரலாற்றைப் புரட்டினால், நல்ல பள்ளிக்கும் மோசமான பள்ளிக்கும் பெரிய வேறுபாடாகத் தெரிவது இந்த அவசரம்தான். சீக்கிரம் பழக்கித் தள்ள நினைத்த இடத்திலெல்லாம் அடி விழுந்தது. சில காலம் குதிரைக்கு, சில காலம் மேலே உட்கார்ந்தவனுக்கு.

நேப்பிள்ஸிலேயே படித்த ஒருவர்தான் போக்கை மாற்றியவர்களில் முக்கியமானவர். பிரான்ஸைச் சேர்ந்த அந்துவான் த ப்ளுவினெல், பிஞ்ஞாத்தெல்லி என்ற இத்தாலிய ஆசானிடம் கற்றுத் திரும்பி, 1594-இல் பாரிஸில் ஒரு கல்விக்கூடம் தொடங்கினார். அங்கே குதிரையேற்றத்தோடு வாள்வீச்சு, நடனம், கணிதம் எல்லாம் உண்டு. பின்னாளில் பிரான்ஸையே ஆட்டிவைத்த கர்தினால் ரிஷ்லியூ அங்கே படித்த மாணவர். பால அரசன் பதின்மூன்றாம் லூயிக்கும் ப்ளுவினெல்தான் வாத்தியார். ப்ளுவினெல் இறந்தபின் 1623-இல் அச்சான அவருடைய நூலில் அரசன் கேள்வி கேட்கிறான், ஆசான் பதில் சொல்கிறார். பக்கத்துக்குப் பக்கம் கிறிஸ்பின் த பாஸின் செப்புத்தகட்டுச் சித்திரங்கள். இரண்டு தூண்களுக்கு நடுவே குதிரையைக் கட்டி, முதுகில் ஆள் ஏறுமுன்பே அதற்கு அசைவுகளைப் பழக்குவது அவர் முறை. ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குணம், அதைப் புரிந்துகொண்டு புத்தியோடு வேலை வாங்கு, அடியைக் கடைசியாக வைத்துக்கொள் என்பது அவர் பாடம். பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகளைத் தவிர வேறு யாருக்கும் அந்த வாசல் திறக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் பொறுமை இன்றுவரை காப்பாற்றப்பட்டிருக்கும் இடம் வியன்னா. 1572-இலேயே ஆவணங்களில் தலைகாட்டும் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியின் வெள்ளை மண்டபம், பேரரசர் ஆறாம் கார்ல் காலத்தில் 1735-இல் திறக்கப்பட்டது. உள்ளே நுழையும் வீரர்கள் இன்றும் அவர் படத்துக்குத் தொப்பியை எடுத்து வணக்கம் வைக்கிறார்கள். புதிதாகச் சேரும் மாணவன் கையில் யாரும் உடனே லகானைக் கொடுத்துவிட மாட்டார்கள். ஆசான் நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாக ஓட்ட, அங்கவடியும் லகானும் இல்லாமல் மாதக்கணக்கில் வெறுமனே உட்காரப் பழக வேண்டும். அங்கே அனுபவமுள்ள கிழட்டுக் குதிரை புது மாணவனுக்குப் பாடம் எடுக்கிறது. பழகிய வீரர் இளங்குதிரைக்குப் பாடம் எடுக்கிறார். வீரர்கள் அணியும் பழுப்பு நிறக் கோட்டின் பின்வாலுக்குள் ஒரு மறைவான பை உண்டு. அதில் சர்க்கரைக் கட்டிகள். பாடம் சரியாக முடிந்ததும் கை பின்னால் போகும். குதிரைக்கும் அது தெரியும். இப்படிப்பட்ட பள்ளிக்குள் பெண்கள் மாணவிகளாக நுழைய 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குதிரையிடம் காட்டிய பெருந்தன்மை அவர்களுக்கு வந்து சேர நான்கு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

(அங்கவடி என்றதும் சென்னைவாசிகளுக்குத் தீவுத்திடல் பக்கத்தில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் ஆளுநர் மன்றோவின் சிலை ஞாபகம் வரலாம். சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார் என்று ஊரில் ஒரு கதை. வியன்னா ஆசான்கள் பார்த்தால் பையன் நன்றாக உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.)

லண்டனில் கதை வேறு திசையில் போனது. குதிரைப்படையில் சார்ஜென்ட் மேஜராக இருந்து விலகிய பிலிப் ஆஸ்ட்லி, 1768-இல் லாம்பெத் பகுதியில் ஒரு குதிரையேற்றப் பள்ளி நடத்தினார். காலையில் பாடம், பிற்பகலில் வித்தை. வட்டத்தில் ஓடும் குதிரை முதுகில் நிற்பதற்கு அந்த ஓட்டமே பிடிமானம் தருகிறது என்பதைக் கண்டு கிட்டத்தட்ட 42 அடி குறுக்களவு கொண்ட களத்தைத் தேர்ந்தெடுத்தார். பாடத்தைவிட வித்தைக்குக் கூட்டம் கூடியது. சர்க்கஸ் பிறந்த கதை இது. இன்றும் சர்க்கஸ் வட்டத்தின் அளவு அதுதான்.

சர்க்கஸில் சிரிப்பு வேடிக்கை என்றால், ராணுவப் பள்ளிகளில் அதற்கு வேறு அர்த்தம். 1895-இல் நான்காம் ஹுஸ்ஸார் படைப்பிரிவில் சேர்ந்த வின்ஸ்டன் சர்ச்சில், ஆல்டர்ஷாட் பயிற்சிக் கூடத்தில் பட்ட பாட்டைத் தன் இளமைக்கால நினைவு நூலில் விரிவாகவே எழுதியிருக்கிறார். ஓடும் குதிரையில் சேணமில்லாமல் ஏறி இறங்க வேண்டும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தடை தாண்ட வேண்டும். இளம் அதிகாரி மண்ணைக் கவ்வினால், கூடப் பழகும் சிப்பாய்கள் மறைவாகச் சிரித்து மகிழ்வார்கள். தொடைத் தசை சுளுக்கிக்கொண்டபோதும், சோப்ளாங்கி என்று பெயர் வாங்கப் பயந்து அவர் பயிற்சியை நிறுத்தவில்லை. அதற்கு முந்தைய டிசம்பரில்தான் சாண்ட்ஹர்ஸ்ட் குதிரையேற்றப் போட்டியில் 200-க்கு 199 வாங்கி இரண்டாவதாக வந்திருந்தார்! அப்படிப்பட்டவருக்கே இந்தக் கதி. ஆனாலும் சர்ச்சில் அந்த நாள்களைச் சபிக்கவில்லை; பிள்ளைகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள், குதிரை கொடுங்கள் என்கிற ரகம் அவர்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் இன்னொரு இளைஞருக்குக் குதிரையேற்றம் வேறு விதமாக முடிந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் ஆட்சிப் பணியான ஐ.சி.எஸ்.ஸின் அதிகாரி மாவட்டத்தைக் குதிரைமேல் சுற்றிவர வேண்டும் என்பதால், எழுத்துத் தேர்வில் தேறியவர்களும் குதிரையேற்றத் தேர்வில் தேறியாக வேண்டும். 1890-இல் அந்த எழுத்துத் தேர்வில் தேறிய அரவிந்த கோஷ் (பின்னாளைய ஸ்ரீ அரவிந்தர்), கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் இரண்டாண்டுப் பயிற்சிக் காலத்தைக் கழித்தார். கையில் காசு கிடையாது. அப்பாவிடமிருந்து பணம் ஒழுங்காக வரவில்லை. உதவித்தொகையில் அண்ணன்மாரையும் சேர்த்துத் தாங்க வேண்டிய நிலை. எடுத்துக்கொண்ட கொஞ்சநஞ்சக் குதிரைப் பாடத்தைப் பற்றியும் பிற்காலத்தில் சீடர்களிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார்: கேம்பிரிட்ஜ் வாத்தியாருக்குப் பணம் வந்தால் போதும், இவரைக் குதிரையோடு விட்டுவிட்டுப் போய்விடுவார், இவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காசை வாங்கிக்கொண்டு ஆளைக் குதிரையிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிற பள்ளி எந்த ஊருக்கும் புதிதில்லை. அரவிந்தருக்குத் திரும்பத் திரும்ப வாய்ப்புக் கொடுத்தார்கள். கடைசித் தேர்வு 1892 நவம்பரில் ஊலிச்சில். அவர் போகவில்லை. வெள்ளைக்காரன் உத்தியோகத்தில் தனக்கு மனமில்லை என்றும், நேரடியாக மறுத்தால் குடும்பம் விடாது என்பதால் இந்த வழியைப் பயன்படுத்திக்கொண்டதாகவும் பின்னால் விளக்கினார். கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஒருவர் பரிந்து எழுதியும் அரசு இளகவில்லை. மறு வருடம் பரோடா சமஸ்தான வேலை, 1910-இல் புதுச்சேரி. அந்தக் குதிரையேற்ற வாத்தியார் கொஞ்சம் அக்கறையோடு கற்றுக்கொடுத்திருந்தாலும் அரவிந்தர் கலெக்டராகியிருப்பார் என்று தோன்றவில்லை. ஆனால் தப்பிக்க ஒரு கதவைத் திறந்து வைத்தவர்களில் அந்த வாத்தியாரும் ஒருவர்.

குதிரையின் தரப்பைப் பொதுமக்களிடம் கொண்டுபோனது 1877-இல் வந்த ‘பிளாக் பியூட்டி’ நாவல். சிறு வயதில் கால் அடிபட்டுச் சரியாக நடக்க முடியாமல் போன அன்னா சீவெல் எழுதியது. அதில் குதிரையே கதை சொல்கிறது. வாடகை லாயத்தில் இருந்தபோது விதவிதமான கைகளில் சிக்கிய அனுபவமும் அதில் உண்டு. ராணுவத்துக்குள்ளிருந்து வந்த மாற்றம் இத்தாலியக் கேப்டன் ஃபெடெரிகோ காப்ரில்லி கொண்டுவந்தது. தடை தாண்டும்போது பின்னால் சாய்ந்து லகானை இழுத்தால் குதிரையின் வாய்தான் கிழியும், முன்னால் சாய்ந்து அதன் போக்கில் விடு என்றார். முதலில் முகம் சுளித்த படைகள் பிறகு அதையே பாடமாக்கின.

சட்டம் வந்தது மெதுவாகத்தான். பிரிட்டனின் 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குதிரையேற்றப் பள்ளி நடத்த உள்ளாட்சி அமைப்பிடம் உரிமம் வாங்க வேண்டியதாயிற்று. கால்நடை மருத்துவர் வந்து பார்க்கும் ஏற்பாடும் வந்தது. 1970-இல் விதிகள் இறுகின. மூன்று வயதைத் தாண்டாத குதிரையை வாடகைக்கு விடக்கூடாது என்றானது. நிறைசினைக் குதிரையையும், குட்டி போட்டு மூன்று மாதம் ஆகாத குதிரையையும் விடுவது தடைசெய்யப்பட்டது. விபத்துக் காப்பீடு கட்டாயமானது. இந்தத் தடைகளைப் படிக்கும்போது, அதுவரை என்னென்ன நடந்துகொண்டிருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

நல்ல பக்கத்துக்கு வலுவான சாட்சி டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல். 1944-இல் போலியோ தாக்கி முழங்காலுக்குக் கீழே செயலிழந்த பிறகும் விடாமல் சேணத்தில் ஏறியவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஜூபிலி என்ற பெட்டைக் குதிரையோடு குதிரையின் நடையழகை மதிப்பிடும் டிரெஸ்ஸாஜ் போட்டியில் ஆண்களோடு மோதி வெள்ளி வென்றார். குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்கு ஆள் துணை வேண்டியிருந்தது. அவரைப் பார்த்துத்தான் உடற்குறை உள்ளவர்களுக்கான குதிரையேற்றப் பயிற்சி பல நாடுகளில் சூடுபிடித்தது. பிரிட்டனில் 1969-இல் அதற்கென்றே ஒரு தேசியச் சங்கம் உருவானது. இத்தகைய பள்ளிகளில் தேவைப்படும் குழந்தைக்கு இருபுறமும் துணைக்கு ஆள் நடப்பார், முன்னால் ஒருவர் குதிரையைப் பிடித்துக்கொள்வார். அங்கே குதிரையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்ப்பது, திடீர்ச் சத்தத்துக்கு மிரளாத குணம் அதற்கு உண்டா என்பதைத்தான்.