அலுவிகாரையும் ஏட்டுக் கல்வியும்



கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருவீதியில், மாத்தளை நகருக்கு வடக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில், பெரும் பாறைகளும் அவற்றிடையே குகைகளும் காணப்படும். அவ்விடமே அலுவிகாரை. பௌத்த மறைநூலாகிய திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்ற இடம் இதுவென்பது மரபு. சமய வரலாற்றில் இதற்குரிய பெருமை பலரும் அறிந்ததே. கற்பவர்கள் ஒன்றுகூடித் தமக்குரிய கல்விக் கருவியைத் தாமே வகுத்துக்கொண்ட வரலாறு என்னும் வகையில் இதனை இன்று நோக்குவோம்.

எழுத்து அக்காலத்தில் இலங்கைக்குப் புதியதன்று. அதற்கு முன்னரே குகைகளில் பிராமி எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருந்தன. எனினும் மறைநூல் மட்டும் வாய்மொழியாகவே வழங்கிற்று. அதனை ஓதுவோர் ‘பாணகர்’ எனப்பட்டனர். நெடிய சூத்திரங்களை ஒரு குழுவினரும், இடைத்தரமானவற்றை மற்றொரு குழுவினருமாகப் பகுத்துக்கொண்டு மனனஞ் செய்தனர். ஒரே தொடரை மீண்டும் மீண்டும் கூறுதல், பொருள்களை ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணால் நிரற்படுத்துதல் ஆகிய முறைகள் நினைவுக்குத் துணையாயின. பலர் கூடி ஓதுங்கால் ஒருவர் பிழையை மற்றவர் திருத்துவர். ஏடில்லாக் கல்வி ஒழுங்கற்ற கல்வியாய் இருக்கவில்லை.

அவ்வொழுங்கிற்குக் கி.மு. 103ஆம் ஆண்டளவில் பேரிடர் வந்தது. வட்டகாமணி மன்னன் அரசிழந்து மறைந்து வாழ்ந்தான். தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தலைவர் ஐவர் ஒருவர்பின் ஒருவராக அநுராதபுரத்தில் ஆண்டனர். கொடும் பஞ்சமும் நாட்டை வாட்டிற்று. துறவியர் பலர் கடல் கடந்து சென்றனர். எஞ்சியோர் கிழங்கும் இலையும் உண்டு, உடல் தளர்ந்த நிலையிலும் ஓதுதலை விடாது காத்தனர். அந்நாட்களில் மகாநித்தேசம் என்னும் நூலை முழுதும் அறிந்தவர் ஒரே ஒருவராகிவிட்டார் என்றும், அவரோ ஒழுக்கத்தில் குன்றியவர் என்றும் பழைய உரைநூல் கூறுகின்றது. அவரிடம் சென்று பாடங்கேட்க நல்லோர் தயங்கினர். ஆயினும், அவர் இறந்தால் நூலும் இறந்துபடுமே என்று அஞ்சி, மூத்தோர் வற்புறுத்த, ஒருவர் சென்று கற்றார். ஒரு நூலின் உயிர் ஒரு மனிதனின் மூச்சில் தொங்கிய நிலை அது!

கி.மு. 89இல் வட்டகாமணி மீண்டும் அரியணை ஏறினான். அவனுடைய ஆட்சிக்காலத்திலேயே துறவியர் ஒன்றுகூடி மறைநூலை ஏட்டில் எழுதினர் என்கிறது மகாவம்சம். அரசன் ஆணையிட்டான் என்று அது கூறவில்லை; இடத்தின் பெயரையும் குறிக்கவில்லை. மாத்தளைக் குகையில், அவ்வட்டாரத் தலைவன் ஒருவனுடைய காவலில் இப்பணி நிகழ்ந்ததெனப் பின்னாளில் நிகாயசங்கிரகம் கூறும். ஆதரவு பிறரிடமிருந்து வந்திருக்கலாம், முடிவு ஓதுவோருடையது.

அதனாலன்றோ புதிய கருவி பழைய முறையைச் சிதைக்கவில்லை! செவிக்காக அமைந்த மீள்கூற்றுக்களும் எண்வரிசைகளும் ஏட்டிலும் நிலைபெற்றன. பாணகர் மரபும் உடனே அற்றுப்போகவில்லை. தாளிப்பனையின் இளங்குருத்தோலையை அவித்து, உலர்த்தி, மெருகிட்டு, எழுத்தாணியாற் கீறி, மை தடவித் துடைத்து எழுத்தை விளங்கச் செய்யும் கலை இந்நாட்டில் வளர்ந்தது. வடக்கே நம் முன்னோர் பனையோலையில் செய்ததும் இத்தகையதே.

ஏட்டிற்கும் அழிவுண்டு. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கில ஆட்சியினர் அடக்கியபோது அலுவிகாரையின் ஏட்டுச் சாலையும் அழிந்தது. பிற்காலத்தில் துறவியர் மீண்டும் ஓலை எடுத்து எழுதலாயினர். கருவி அழியினும், அதனை ஆக்கும் அறிவு சமூகத்திடம் இருந்தமையால் பணி தொடர்ந்தது.

இதே மத்திய மாகாணத்தில் அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 1989இல் கொத்மலையில் சமூக வானொலி தொடங்கிற்று. 1999இல் யுனெஸ்கோவின் துணையுடன் அங்கே இணையமும் வானொலியும் இணைக்கப்பட்டன. நேயர்கள் தம் ஐயங்களை எழுதியனுப்பினர். நிலையத்தார் இணையத்தில் விடை தேடி, ஊர்மொழியில் விளக்கி ஒலிபரப்பினர். கணினி இல்லாத வீட்டினரும், எதனைத் தேடவேண்டும் என்பதைத் தாமே தீர்மானித்தனர்.

இன்று மாத்தளை மலைச்சரிவிலுள்ள தோட்டப் பாடசாலைக்கும் கணினியும் கைப்பேசிப் பாடமும் வருகின்றன. அவற்றை ஆக்குவோர் அங்குள்ள பிள்ளைகள் எம்மொழியில் கேள்வி கேட்கின்றனர், கொழுந்து பறித்து மாலையில் வீடு திரும்பும் தாய்க்குப் பிள்ளையுடன் அமர எப்பொழுது ஓய்வு கிடைக்கும், ஆசிரியர் எங்கே இடர்ப்படுகின்றனர் என்பவற்றை அவர்களிடமே முதலிற் கேட்டறிதல் வேண்டும். கேளாது செய்த கருவி பெட்டியிலேயே உறங்கும். கற்போர் கைபட்டு உருவான கருவி, அலுவிகாரை ஏடுபோல, அழிந்தாலும் மீண்டும் எழுதப்படும்.