தளபதி முடிக்காத வேலை

சட்டம் கைவிட்டதும் ராணுவ வீரன் தானே நீதிபதியாகிற படங்கள் எத்தனை பார்த்திருப்பீர்கள்! தெலுங்கிலும் தமிழிலும் சலிக்காத ஃபார்முலா அது. சேர்வராயன் மலையடிவாரத்தில், சேலத்தில் இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1950-ல் ‘மந்திரிகுமாரி’ எடுத்தபோது அதைத் திருப்பிப் போட்டது.

தளபதி வீரமோகன் (எம்.ஜி.ஆர்.) கொள்ளைக்காரனைப் பிடித்து வருகிறார். அவன் ராஜகுருவின் மகன் பார்த்திபன். ஆனால், என்ன ஆச்சு? அவனைக் காதலிக்கும் மந்திரியின் மகள் அமுதவல்லி, சிலைக்குப் பின்னால் ஒளிந்து, அம்மன் குரலில் ‘நிரபராதி’ என்கிறாள். திருடனுக்கு விடுதலை, தளபதிக்கு நாடு கடத்தல்!

இனி தளபதிதானே வாளோடு திரும்பி வந்து கணக்குத் தீர்க்கணும்? கதை வசனம் எழுதிய கருணாநிதி, அந்த வேலையை அமுதவல்லியிடம் கொடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு கணவனின் நிஜ முகம் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. கொல்வதற்காக மலையுச்சிக்குக் கூட்டிப் போகிறான். ‘சாகும்முன் உங்களை மூன்று முறை சுற்றி வருகிறேன்’ என்கிறாள். சுற்றுகிறாள்... தள்ளிவிடுகிறாள்!

‘குண்டலகேசி’ காப்பியத்தின் காட்சி அது. ஏற்காட்டு மலையில் படமானது. வீரமோகன் பழிவாங்கியிருந்தால் இன்னொரு சண்டைக் காட்சி, அவ்வளவுதான். திருடனைத் தப்பவைத்த பொய் யாருடையதோ, தீர்ப்பும் அவளுடையதாக வேண்டியிருந்தது. அதுதான் நியாயம், இல்லையா?