கல்லில் ஏறாத ஜனங்கள்

தேசம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தலை எண்ணியது 1881-ல்தான். அதற்கு முந்தைய கிராமத்தில் யார் யார் இருந்தார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? திருச்சி சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து காவிரியின் தென்கரையோடு மேற்கே போனால் ஓரளவு விடை கிடைக்கும்.

அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் சோழர் காலச் சாசனங்களை ஜப்பானியப் பேராசிரியர் நொபொரு கராஷிமா ஆராய்ந்து, 1966-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஈசானமங்கலம் பிரம்மதேயம், நிலம் தனித்தனி ஆட்களின் சொத்து, உழுதவர் வேறு. அல்லூரில் நிலம் ஊராரின் பொது, உடையவரே உழுதவர். பழைய இந்தியக் கிராமங்கள் எல்லாம் ஒரே அச்சு என்று சீமைப் பண்டிதர்கள் எழுதிவைத்தார்களே, அவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா?

ஆனால் கல்லில் பெயர் ஏறியவர்கள் பெரும்பாலும் நிலம் கொடுத்தவர்களும் விற்றவர்களும்தான். மற்றவர்கள் என்ன ஆனார்கள்? தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டுவித்த சாசனங்களைப் பாருங்கள். ஊர்தோறும் வரியில்லாத நிலங்களின் பட்டியல் வருகிறது: ஊர்நத்தம், குளம், சுடுகாடு, கம்மாணசேரி, பறைச்சேரி. சேரி இருந்த நிலம் கணக்கில் உண்டு. சேரியில் எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன என்பது இல்லை.

அந்தக் குடிசை வாசலில் சர்க்கார் ஆள் ஒருவர் வந்து நின்று, "இங்கே எத்தனை பேர்?" என்று கேட்க எண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.